வெப்சைட்டை இடித்துக் கட்டுவதா, ஒட்டுப்போடுவதா?

கோவையில் வெட் கிரைண்டர் செய்து விற்கும் ஒருவர், வெப்சைட் வேலை பார்க்கும் என்னிடம் கையில் இரண்டு கொட்டேஷனோடு வந்தார். ஒன்று, தளத்தை முழுக்கப் புதிதாகக் கட்டித் தருவதற்கு. மற்றது, இருப்பதைச் சரிசெய்து தருவதற்கு. முதலாவது இரண்டாவதைப்போல ஐந்து மடங்கு. இரண்டுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

"பையன் சைட்டு பழசாப் போச்சுங்கறான் தம்பி. எனக்கு ஒண்ணும் புரியல. எதைப் பண்றதுன்னு நீயே பார்த்துச் சொல்லு."

பழசாகத் தெரிவதை நான் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தளத்தைத் தினமும் பார்க்கிறவர்கள் இவரும் இவர் மகனும்தான், அவர்களுக்கு அலுத்துவிட்டது. கிரைண்டர் வாங்க வருகிறவர் ஒரு தடவையோ இரண்டு தடவையோ பார்க்கிறார், விலை கேட்கிறார், போய்விடுகிறார். அவருக்கு அது பழசா புதுசா என்றே தெரியாது. போன் நம்பர் எங்கே இருக்கிறது என்பதுதான் அவர் கவலை.

அதனால் கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு, கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்தோம். காசு கேட்காத கருவி. எந்தப் பக்கத்துக்கு யார் என்ன தேடி வந்தார்கள் என்று கடந்த 16 மாதக் கணக்கைக் காட்டும். முதலிடத்தில் முகப்புப் பக்கம் இல்லை, புதிய டில்டிங் மாடலும் இல்லை. உதிரிபாகப் பட்டியல் பக்கம் இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு நீளமான அட்டவணை: பெல்ட், உருளைக் கல், ஸ்கிரேப்பர், டிரம் பிடி, எந்த மாடலுக்கு எந்த எண். பார்க்கச் சகிக்காது. மகன் முதலில் தூக்கச் சொன்னதும் அதைத்தான். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய கிரைண்டரின் பெல்ட் அறுந்ததும் மக்கள் தேடி வந்து சேருவது அங்கேதான்.

இடித்துக் கட்டும்போது பெரும்பாலும் அடிபடுவது இந்த மாதிரிப் பக்கங்கள். கூகுளைப் பொறுத்தவரை ஒரு பக்கம் என்பது அதன் இணைய முகவரி. புதுத் தளத்தில் முகவரிகள் மாறினால், பழைய ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும்; 301 ரீடைரெக்ட் என்பார்கள். அந்தத் திருப்பத்தை ஒரு வருடமாவது எடுக்காமல் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளருக்கு நான் இதைச் செய்யத் தவறினேன். எல்லாப் பழைய முகவரியையும் முகப்புக்கே திருப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று பில்லும் கொடுத்தேன். தளம் பளபளவென்று இருந்தது. மூன்றாவது வாரம் அவர் கேட்டார்: "ஏங்க, போனே வரமாட்டேங்குதே?"

சின்னக் கடைக்குத்தான் இப்படி நடக்கும் என்றில்லை. பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2014 பிப்ரவரியில் 15 கோடி பவுண்டு செலவில் புதுத் தளம் திறந்தது. அதுவரை அமேசானின் தொழில்நுட்பத்தில் ஓடிக்கொண்டிருந்ததால், மாறுவதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் மறுபடியும் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூன் வரையிலான காலாண்டில் ஆன்லைன் விற்பனை 8.1 சதவீதம் இறங்கியது. அவர்களிடம் அதைத் தாங்கப் பணம் இருந்தது.

அப்படியென்றால் ஒட்டுப்போடுவதே மேலா? அதற்கும் ஓர் எல்லை உண்டு. தளம், பின்னால் இருந்து அதை இயக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5.6 பதிப்பில் ஓடுகிறதென்றால், அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2018 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதன்மேல் எதை ஒட்டினாலும் நிற்காது. இன்னொன்று, நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது: தளத்தைத் திருத்துவதற்கு, செய்துகொடுத்தவர் தானே எழுதிய அட்மின் பேனல், பாஸ்வேர்டு அவரிடம், அவர் போனை எடுப்பதில்லை. விலையில் ஒரு எண்ணை மாற்றக்கூட வழியில்லாத தளத்தை இடிக்கலாம், தப்பே இல்லை. (அதற்கு முன் டொமைன், அதாவது தளத்தின் பெயர், யார் பெயரில், யார் ஈமெயிலில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பெயரே கைநழுவிப் போனால் புதுசு பழசு இரண்டும் கிடையாது.)

தமிழ்ப் பக்கங்கள் தனிக் கதை. இவர் தளத்தில் தமிழெல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தது. கண்ணுக்குத் தமிழ், எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுகிறது. கூகுளுக்கும் தெரிவது அந்தக் குப்பைதான். "இதுக்காகவே புதுசா கட்டணுங்க" என்று முதல் கொட்டேஷன்காரர் சொல்லியிருந்தார். தேவையே இல்லை. எங்கே ஒட்டினாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஒரு மத்தியான வேலை. கிரந்த எழுத்துகள் சில இடங்களில் உடையும், ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும், அவ்வளவே. தமிழைப் படமாகப் போட்டிருந்தால் மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்தாக வேண்டும்.

மூன்றாவதாக, "சைட்டே எதுக்கு, வாட்ஸ்அப்பும் கூகுள் மேப்ஸும் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே தெருவுக்குள் வியாபாரம் என்றால் போதும். பெல்ட் எண்ணைத் தேடி வெளியூரிலிருந்து வருகிறவருக்குப் போதாது.

சரி, இவருக்கு என்ன? உண்மையான கோளாறு செல்போனில் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் திரையின் அகலத்துக்கு அளந்து கட்டிய தளம். போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது, அட்டவணையின் பாதி திரைக்கு வெளியே நிற்கிறது. முகப்பில் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய போட்டோக்கள். முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. இவருடையது, நான் டீ ஆர்டர் செய்து முடித்த பிறகு வந்தது. பையன் சொன்னது முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. நோய் இருக்கிறது, மருந்துதான் வேறு.

இரண்டு கொட்டேஷனிலும் இல்லாத ஒன்றைச் சொன்னேன். சுவரை விட்டுவிட்டுக் கூரையை மட்டும் மாற்றுவது. முகவரிகள் அப்படியே, எழுதியிருப்பது அப்படியே; மேல்தோற்றம் மட்டும் போனுக்கு ஏற்றபடி புதிது. போட்டோக்களைச் சுருக்குவது, தமிழை யூனிகோடாக்குவது, ஒவ்வொரு பக்கத்திலும் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் வாட்ஸ்அப் பட்டன். உதிரிபாக அட்டவணைக்கு மாடல் பெயரைத் தட்டினால் வடிகட்டித் தரும் பெட்டி ஒன்று. செலவு இரண்டுக்கும் நடுவில், ஒட்டுப்போடும் பக்கம் கொஞ்சம் சாய்ந்து. நாளும் குறைவு. புதிதாகக் கட்டும் வேலை மாதக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் புரோகிராமரால் இல்லை. "போட்டோ அடுத்த வாரம் தர்றேன்" என்பதால்தான்.

ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. முகப்பில் ஒரு கிரைண்டர் கல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தக் காலத்து ஜிஃப் படம் ஒன்று உண்டு. அதை எடுத்துவிடலாம் என்று நானும் பையனும் சேர்ந்து சொன்னோம்.

"அது சுத்தட்டும்" என்றார்.

சுற்றுகிறது.