புறநகரில் வீடு: பழைய பகுதியா, புதுக் குடியிருப்பா?

நல்ல அரசுப் பள்ளியும் வேண்டும், பயமில்லாத தெருவும் வேண்டும் என்று புறநகரில் தேடினால் கடைசியில் மிஞ்சுவது இரண்டுதான்: முப்பது நாற்பது வருடப் பழைய பகுதி, இல்லை நேற்று முளைத்த புதுக் குடியிருப்பு.

புதுசில் வீடு பளிச்சென்று இருக்கும், சாலையும் அகலம். அந்த அகலம்தான் எனக்கு உறுத்தல். அகலமான சாலையைப் பார்த்தாலே கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது சாலைப் பாதுகாப்புக்கான உலக மாநாட்டில் வந்த 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம். நாமோ திருடனுக்குப் பயந்து பூட்டு வாங்குகிறோம், காரை மறந்துவிடுகிறோம். பழைய தெருக்கள் பெரும்பாலும் குறுகல், வண்டி தானாகவே மெதுவாகும்.

பள்ளி விஷயத்திலும் பழைய பகுதிக்கே என் ஓட்டு. அங்கே பள்ளியின் பல வருடச் சரித்திரம் கண்முன் இருக்கிறது. புதுசில் 'பள்ளி வரப்போகிறது' என்ற பலகை மட்டும் இருக்கலாம். ஆட்கள் பெருகினால் எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி என்ற சேர்க்கை எல்லையையும் மாற்றி வரையலாம். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் நம்பவேண்டாம். அதில் பெற்றோரின் வருமானமும் கலந்திருக்கும். ஆசிரியர்கள் எத்தனை வருடம் நிலைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பழைய வீட்டில் குழாய் ஒழுகும், சரி, அது பிளம்பர் வேலை.

முன்பணம் கொடுக்குமுன் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் கால்மணி நேரம் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகள் நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.