வீட்டுச் சாதகத்துக்குத் தம்புராவா, சுருதிப் பெட்டியா, கைப்பேசியா?

மல்லேஸ்வரத்தில் எங்கள் பாட்டு வகுப்புக்கு வரும் பத்துப் பேரில் தம்புரா வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். மற்றவர்களிடம் மின்னணுச் சுருதிப் பெட்டியோ கைப்பேசிச் செயலியோ இருக்கிறது. மூன்றையும் வைத்துப் பல ஆண்டுகள் பாடியவள் என்ற முறையில், அலுவலகம் கிளம்புவதற்கு முன் கிடைக்கும் முக்கால் மணி நேரச் சாதகத்துக்கு, அதாவது பாட்டுப் பயிற்சிக்கு, எது ஏற்றது என்பதை மட்டும் இங்கே அலசுகிறேன்.

முதலில் பெட்டி. மின்னணுத் தம்புரா என்றும் சொல்லப்படும் இது எங்கள் பெங்களூரிலேயே பிறந்தது. பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-இல் அதை உருவாக்கினார். குமிழைத் திருப்பினால் கட்டை, அதாவது சுருதியின் உயரம், மாறுகிறது. பஞ்சமம் (ப) இல்லாத ராகத்துக்கு மத்தியமம் (ம) வைத்துக்கொள்ளலாம். பைக்குள் போட்டு ஊருக்கும் எடுத்துச் செல்லலாம். சரளி வரிசை பாடும் குழந்தைக்கு இதைத்தான் வாங்கித் தர வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையைத் தம்புராவின் முன் உட்காரவைத்து மீட்டிக்கொண்டே பாடச் சொல்வது கொடுமை.

செயலிக்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் என் 5 கட்டைச் சுருதியில் மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி 'ஸ', ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ்; கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தைச் சரியாகத் தர முடிவதில்லை. கீழே தளம் இல்லாமல் மேலே பாடுவது போன்ற உணர்வே மிஞ்சுகிறது. நடுவில் அழைப்பு வந்தால் சுருதியே நின்றுவிடும்.

இனி தம்புரா. என்னுடையது அத்தையிடமிருந்து வந்த பலாமரத் தஞ்சாவூர்த் தம்புரா. காலையில் உறையை நீக்கியதும் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருப்பிப் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என நான்கு தந்திகளையும் கூட்டி, மீதமிருக்கும் மயிரிழை வித்தியாசத்தைக் குடத்தருகே தந்தியில் கோத்திருக்கும் மணிக்காயை நகர்த்திச் சரிசெய்வேன். பிறகுதான் ஜீவா. தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே கிடக்கும் அந்த நூலை விரல் நுனியால் மெல்ல நகர்த்திக்கொண்டே தந்தியை மீட்டுவேன். முதலில் வெறும் 'டங்' என்று மொட்டையாகக் கேட்கும் ஒலி, நூல் சரியான இடத்துக்கு வந்த கணத்தில் ரீங்காரமாக விரிந்து அறையை நிறைக்கும். அரிசி மணியின் அகலம் கூட நகர்த்தியிருக்க மாட்டேன்.

அந்த மாற்றத்தின் காரணத்தை ஆராய்ந்தவர் சர் சி. வி. ராமன். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் கணு (அதிராமல் நிற்கும் புள்ளி) உள்ள மேற்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள், ஒலிக்கக் கூடாது என்பது பொது விதி. வளைந்த குதிரையும் ஜீவாவும் உள்ள தம்புராவில் அவையும் வலுவாக ஒலிக்கின்றன என்று 1921-இல் அவர் எழுதினார். மந்தர ஷட்ஜத்தைப் போல ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரமே தானாகவே எழுவதால் நாம் சுயம்பு என்று சொல்லும் அந்தர காந்தாரம் (க). கீபோர்டின் காந்தாரம், ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பங்கிட்டால், இதைவிட ஏறத்தாழ 14 பங்கு தூக்கலாக இருக்கும். கல்யாணி ராகத்தில் காந்தாரத்தில் நிற்கும்போது தம்புரா தரும் காந்தாரத்தோடு என் குரல் கலந்துவிட்டதா என்பது எனக்கே தெரிந்துவிடுகிறது.

நல்ல பெட்டியிலும் இந்தக் காந்தாரம் கேட்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பெட்டி சுருதியை ஆயத்தமாகத் தருகிறது. தம்புராவில் அதை நாமே தேடிச் சேர்க்க வேண்டும். பெட்டியோடு ஆறு ஆண்டுகள் பாடியபோது சுருதி விலகினால் ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியும். தம்புரா வந்த ஓராண்டுக்குள், அவர் முகம் மாறுவதற்கு முன்பே நான் திருத்திக்கொள்ளத் தொடங்கினேன். குரல் எழும்புவதற்கு முன் காது வேலை செய்துவிடுவதே இதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சிரமங்களும் உண்டு. ஆடி மழையின் ஈரத்தில் சுருதி நிற்காது. சுருதி கூட்டவே எனக்கு முதலில் அரை மணி நேரம் ஆனது, இப்போது ஏழெட்டு நிமிடங்கள். சென்ற ஆண்டு ஊரிலிருந்து வண்டியில் ஏற்றி அனுப்பியபோது ஒரு பிரடை உடைந்து வந்தது. அதனால் வெளியூருக்குப் பெட்டியும், வீட்டுக்குத் தம்புராவும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வாங்க நினைப்பவர்கள் தங்கள் கட்டையை முதலிலேயே செய்பவரிடம் சொல்லிவிட வேண்டும். 1 கட்டைக்குச் செய்த தம்புராவை 5 கட்டைக்கு முறுக்கினால் தந்தி அறுந்துபோகும்.