சர்வீஸ் சென்டரா, ரிச்சி தெருவா? சென்னையில் மடிக்கணினிக்கு ரேம் கூட்டிய அனுபவம்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், சில ஆண்டுகள் பழைய என் மடிக்கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றினேன். அதிலிருந்த 8 ஜிபி ரேமும் (தற்காலிக நினைவகம்) 256 ஜிபி எஸ்எஸ்டியும் (கோப்புகளுக்கான சேமிப்பகம்) போதவில்லை. டொராண்டோவில் கழற்றி மாட்டும் கூலி அதிகம் என்பதால், விடுமுறைக்குச் சென்னை வரும்வரை அந்த வேலையைத் தள்ளிவைத்திருந்தேன்.

முதலில் தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குச் சென்றேன். வரிசை எண்ணைக் கொடுத்ததும் பொருந்தும் பாகம் எதுவென்று உடனே சொன்னார்கள். அந்தத் துல்லியத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 16 ஜிபி ரேமுக்கு அவர்கள் கேட்டது வெளிச்சந்தை விலையில் இரு மடங்குக்கும் மேல். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால்தான் பாகத்தை வரவழைப்பார்களாம். எப்போது வரும் என்பதற்கு உறுதி இல்லை. மாற்றும் பாகத்துக்கு மூன்று மாத வாரண்டி மட்டுமே. திரும்பிச் செல்லும் தேதி குறித்துவிட்டு வந்திருப்பவருக்கு, விலையைவிட அந்த நிச்சயமின்மையே பெரிய தடை. வெளியில் திறந்தால் கணினியின் வாரண்டி போய்விடும் என்று அஞ்சுபவர்கள் முதலில் பராமரிப்புக் கையேட்டைப் பார்ப்பது நல்லது. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட் போன்றவற்றுக்கு, ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றும் முறையைப் படத்துடன் விளக்கும் கையேடுகளை நிறுவனங்களே இணையத்தில் இலவசமாகத் தருகின்றன.

ஆகவே அண்ணா சாலையை ஒட்டிய, கணினிப் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். நான் நின்ற கடையில், விலை சொல்வதற்கு முன்பே பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். 8 ஜிபி மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. "இன்னொரு எட்டு போட்டா ரெண்டும் ஜோடியா ஓடும் சார். பதினாறு போட்டா மொத்தம் இருபத்துநாலு ஆகும், ஆனா மிச்சம் எட்டு ஒத்தையிலதான் ஓடும்" என்றார் கடைக்காரர். இரண்டு ரேமும் ஒருசேர இயங்கும் இரட்டைத் தடத்தில் கிடைக்கும் வேகம் முதல் 16 ஜிபிக்கு மட்டுமே என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது; சர்வீஸ் சென்டரில் இதை யாரும் சொல்லவில்லை. வேகத்தைவிடக் கொள்ளளவு எனக்கு முக்கியம் என்பதால் பதினாறையே வாங்கினேன். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால், இந்தியாவில் மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணி வரக்கூடாது. வரிகூட டொராண்டோவில் 13 சதவீதம், இங்கே 18. மிச்சமாவது கூலியும் நேரமும்தான்.

பில்லுக்கு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை என்ற வழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. ஜிஎஸ்டி பில்லையே கேளுங்கள். அதில் பாகத்தின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்டியை மட்டும் டொராண்டோவிலேயே வாங்கி வந்திருந்தேன். பழுதான ரேம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓரிரவு ஓட்டினால் ஊரில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். எஸ்எஸ்டியோ சில ஆண்டுகள் உழைத்தபின் கைவிடக்கூடியது, அப்போது வாரண்டி நான் வசிக்கும் நாட்டில் இருக்க வேண்டும். இங்கேயே வாங்குபவர்கள், கடையை விட்டு இறங்குமுன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். புதியது என்று விற்றதில் நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டியிலுள்ள தகவலைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்வதும் அவசியம். கழற்றிய என் பழைய எஸ்எஸ்டியைக் கையோடு திரும்ப வாங்கி, யுஎஸ்பி உறையில் போட்டுக்கொண்டேன்.

இதே பயணத்தில் அண்ணன் மகளுக்குக் கல்லூரிக்காக ஒரு மெல்லிய மடிக்கணினி வாங்க வேண்டியிருந்தது. அங்கே என் முடிவு நேர்மாறானது. அதிலிருந்த எல்பிடிடிஆர்5 வகை ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது, பின்னால் எந்தத் தெருவிலும் கூட்ட முடியாது. ஆப்பிள் 2008இன் முதல் மேக்புக் ஏரிலேயே இந்த வழக்கத்தைத் தொடங்கிவிட்டது. 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் சேமிப்பகமும் அப்படித்தான். எனவே ரேமுக்கு நிறுவனம் கேட்ட கூடுதல் பணத்தை முணுமுணுக்காமல் கொடுத்து 16 ஜிபி மாடலாக எடுத்தோம். எஸ்எஸ்டி கழற்றி மாட்டக்கூடிய எம்.2 ஸ்லாட்டில் தனியாக இருந்ததால், பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று 512 ஜிபியோடு நிறுத்திக்கொண்டோம்.