டெல்டா மண்ணுக்கு எந்த பிக்கப்? பொலிரோ, யோதா, தோஸ்த், இன்ட்ரா, குட்டி யானை ஒப்பீடு

பிக்கப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது குதிரைத்திறனை. டெல்டாவில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ஒரு மலையேற்றம் கிடையாது. ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலமும், வயல் பாதையிலிருந்து ஆற்றங்கரைக்கு ஏறும் சரிவும்தான். இன்று விற்கிற எந்த பிக்கப்பும் நெடுஞ்சாலையில் லோடோடு திணறாமல் போகும். வண்டியின் உண்மையான தரம் தெரிவது தார்ச்சாலையை விட்டு இறங்கிக் களத்துக்குப் போகிற கடைசி அரைக் கிலோமீட்டரில்: வாய்க்கால் கரை, ஒரு பக்கம் சரிந்த கப்பி, கைப்பிடிச் சுவர் உடைந்த மதகு, அதற்கப்புறம் களிமண். அந்த அரைக் கிலோமீட்டரை மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

எடைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். அரசு நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. 750 கிலோ தாங்கும் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ், 18 மூட்டை ஏற்றும். 1,300 கிலோ தாங்கும் டாடா இன்ட்ரா வி30க்கு 32 மூட்டை. 1,500 கிலோ தாங்கும் அசோக் லேலண்ட் தோஸ்த் பிளஸ், இன்ட்ரா வி50 இரண்டுக்கும் 37. 1.7 டன் மஹிந்திரா பொலிரோ பிக்கப்புக்கு 42. 2 டன் டாடா யோதாவுக்குச் சரியாக 50. யூரியா மூட்டை 45 கிலோ என்பதால் 1.7 டன் வண்டியில் 37 மூட்டைதான் முறையான லோடு.

தப்பு நடப்பது களத்திலிருந்து ஏற்றும்போது. 14 சதவீத ஈரத்தில் 60 கிலோ நிற்கிற சாக்கு, அறுத்த கையோடு 24 சதவீத ஈரத்தில் கட்டினால் ஏறக்குறைய 68 கிலோ வரும். 25 சாக்கு ஏற்றினால் கண்ணுக்குத் தெரியாமல் 200 கிலோ கூடிவிடுகிறது. சாக்கு எண்ணிக்கை அதேதான், பட்டை, அதாவது பின்பக்கத்து ஸ்பிரிங் தகடு, மட்டும் தட்டையாகிவிடும். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசி மழையோடு வருவதால் அந்த நேரத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். சாக்கை எண்ணாமல் எடையை எண்ணுங்கள். கம்பி அடைப்பு, தார்பாய், கயிறு என்று பாடியில் நீங்கள் சேர்த்த எல்லாமே அந்த 1,700 கிலோவிலிருந்துதான் கழியும்.

நெல், உரம், செங்கல் மாதிரி கனத்த லோடுக்கு பொலிரோ பிக்கப்தான் முதல் தேர்வு. 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின், ஏணி வடிவ அடிச்சட்டம் (சேஸ்), தடித்த பட்டைகள். இந்த என்ஜினின் அருமை குறைந்த சுற்றிலேயே இழுப்பது. கரை ஏறும்போது கிளட்சைப் பாதி அழுத்தி உறுமவிட வேண்டியதில்லை. சேற்றில் போகிற வண்டிக்கு கிளட்ச் பிளேட் சீக்கிரம் போவதற்குக் காரணமே அந்தப் பாதி அழுத்தல்தான். என்ஜின் முன்னால் பானட்டுக்குள் இருப்பதால் காலையில் ஆயில், தண்ணீர் பார்க்க ஒரு நிமிடம் போதும். பெல்ட்டை மாற்ற சீட்டைத் தூக்க வேண்டாம். குறை, அதே மூக்குதான். வளைவதற்கு இடம் அதிகம் கேட்கும். வாய்க்கால் பாலத்தில் சட்டென்று திரும்பி ஏறுகிற இடங்களில் இரண்டு முறை பின்னால் எடுத்துத்தான் ஏற முடியும். உங்கள் களத்து வழியில் அப்படி ஒரு மதகு இருந்தால், வாங்குவதற்கு முன் தெரிந்தவர் வண்டியை அங்கே ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

யோதா இதற்கு நேர் போட்டி. 2022இல் வந்த யோதா 2.0இன் பலம் அந்த 2 டன் தாங்குதிறன். 2.2 லிட்டர் என்ஜின், 250 நியூட்டன் மீட்டர் இழுவை. செங்கல், ஜல்லி, சிமென்ட் என்று தினமும் முழு எடையில் ஓடுபவருக்கு இது பொலிரோவைவிடப் பொருத்தம், ஏனென்றால் 1.7 டன் வண்டியில் 2 டன் ஏற்றுவதும் 2 டன் வண்டியில் 2 டன் ஏற்றுவதும் ஒன்றல்ல. ஆனால் வாரத்தில் நான்கு நாள் அரை லோடில் ஓடுபவருக்கு வேண்டாம். கனத்த பட்டை, குறைந்த எடையில் அமுங்காமல் துள்ளும். அந்தத் துள்ளலில் அடிபடுவது சரக்கு.

வாழைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திருவையாறு பக்கத்துப் பூவன் தார் எடை குறைவு, இடம் அதிகம். இரண்டு அடுக்குக்கு மேல் அடுக்கினால் கீழ்த்தார் நசுங்கும். அதனால் 1.7 டன் வண்டியில்கூட ஒரு டன் ஏறுவதே கஷ்டம். பட்டை பாதிகூட வேலை செய்யாது. கப்பி சாலையில் காய் உரசிக் கறுத்து, சந்தையில் விலை போகாது. இந்த லோடுக்கு இன்ட்ரா வி30, தோஸ்த் பிளஸ் இரண்டும் நல்லவை. இன்ட்ராவின் திரும்பு ஆரம் 5.25 மீட்டர், தோப்புக்குள் நுழைந்து வெளிவர வசதி. 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜின், அதிர்வு குறைவு. தோஸ்த் மூன்று சிலிண்டர், நின்று ஓடும்போது அதிர்வு தெரியும், ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் ஒரே சீராகப் போகும். ஓசூரில் 2011இல் தொடங்கிய வண்டி என்பதால் நம் பக்கத்து பட்டறைக்காரர்களுக்கு அதன் உள்ளும் புறமும் அத்துப்படி. அடியில் பச்சை இலையும் சருகும் ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, தாரை நிறுத்தாமல் படுக்க வைத்து ஏற்றினால் வண்டியின் குணம் பாதி, அடுக்கின் குணம் பாதி என்று சரக்கு பத்திரமாகச் சேரும்.

இந்த இரண்டிலும் என்ஜின் சீட்டுக்கு அடியில். நீளம் மிச்சமாகி தொட்டிக்குப் போகிறது, அது லாபம். சித்திரை வெயிலில் சூடு இருக்கை வழியாக மேலே வரும், பராமரிப்புக்கு ஒவ்வொரு முறையும் சீட்டைத் தூக்க வேண்டும், அது விலை. தினம் தூக்கச் சலித்து ஆயில் பார்க்காமல் விட்டே என்ஜின் போன வண்டிகள் பட்டறைகளில் நிற்கின்றன. அதனால் டிரைவர் வைத்து ஓட்டுபவர்கள் பானட் வண்டியே எடுப்பது நல்லது என்பது என் கருத்து.

வைக்கோலுக்கு எடை பிரச்சினையே இல்லை. இயந்திரம் கட்டும் கட்டு ஒன்று 15 முதல் 20 கிலோ. வேண்டியது தொட்டி நீளம். படா தோஸ்த் ஒன்பதரை அடிக்கு மேல், பொலிரோ மேக்ஸ் எச்டியின் நீள மாடல் பத்து அடி. இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். குட்டை வண்டியில் உயரமாக அடுக்கினால் கிராமத்துத் தெருவில் தொய்ந்த மின்கம்பியில் உரசும். கம்பி பட்டு வைக்கோல் வண்டி எரிந்து போவது டெல்டாவில் ஒவ்வொரு தை, மாசியிலும் நடக்கிற விஷயம். தீ கீழிருந்தும் வரும். களத்தில் சிதறிய காய்ந்த வைக்கோல்மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தாதீர்கள். டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டி என்றால் இரட்டைக் கவனம் வேண்டும். அது கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது சைலன்சர் சூடு வழக்கத்தைவிட மிகவும் ஏறும். களத்தை விட்டு வந்ததும் கீழே படுத்துப் பாருங்கள். ஜாயிண்ட்டிலும் சைலன்சர்மேலும் சுற்றிய வைக்கோலைக் கையால் பிய்த்து எடுத்துவிட வேண்டும்.

அதே வடிகட்டிக்கு இன்னொரு தொல்லை. வயலுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் மூன்று நான்கு கிலோமீட்டர் நடை மட்டும் அடிக்கிற வண்டியில் அது சூடேறவே நேரம் கிடைக்காது, கரி அடைக்கும், விளக்கு எரியும், இழுவை குறையும். விளக்கு எரிந்ததும் வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி நெடுஞ்சாலையில் ஏற்றி, நிறுத்தாமல் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே அணைந்துவிடும். விளக்கை அலட்சியம் செய்து இரண்டு வாரம் ஓட்டினால் பிறகு கம்ப்யூட்டர் வைத்துத்தான் சுத்தம் செய்ய முடியும்.

தண்ணீர் விஷயத்தில் எல்லா வண்டியும் ஒன்றுதான், கவனம் மட்டும்தான் வித்தியாசம். ஓடிச் சூடான பின் ஆக்சில் ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். அதற்குள் இருக்கும் கிரவுன் பற்சக்கரத்தின் ஆயில் பால்காப்பி நிறத்துக்கு மாறிவிட்டால் தாமதிக்காமல் மாற்ற வேண்டும். சோதிக்க எளிய வழி: இரவு நிறுத்தி வைத்து, காலையில் வண்டியை நகர்த்தாமல் வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். மூச்சுத்துளையில் ரப்பர் குழாய் மாட்டி சேஸ் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுவது நூறு இருநூறு ரூபாய் வேலை, கிரவுன் பினியனைக் காப்பாற்றும். காற்று இழுக்கும் குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஷோரூமிலேயே அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் அந்த உயரத்தை நெருங்கவே கூடாது. உள்ளே போனால் என்ஜினில் பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு வளையும்.

நாகை, வேதாரண்யம் பக்கம் மீனும் உப்பும் ஏற்றுபவர்களுக்கு வண்டித் தேர்வைவிடத் தொட்டி வேலை முக்கியம். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் தொட்டியின் இணைப்புகள் வழியாகச் சேஸ்மேல் சொட்டும். முதலில் அரிப்பது தகடு அல்ல, சேஸ் ஓரமாகப் போகிற பிரேக் இரும்புக் குழாய். வெளியே துரு, உள்ளே அழுத்தம். வெடிக்கிற நாளில் பிரேக்கை நம்ப முடியாது. தொட்டிக்குள் ஃபைபர் பெட்டி வைத்து, வடிகுழாயைப் பின் பம்பரைத் தாண்டி நீட்டிவிடுங்கள். தினமும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரேக் குழாயை விரலால் தடவிப் பார்த்து, செதில் உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள். உர மூட்டை கிழிந்து கொட்டினாலும் இதே கதை, பெருக்காமல் விட்டால் மழைக்காலத்தில் தகடு ஓட்டையாகும்.

அடுத்தது எல்லோரும் செய்கிற, யாரும் செய்யக் கூடாத வேலை: கூடுதல் பட்டை போடுவது. பட்டை போட்டால் தாங்குவது பட்டை மட்டும்தான். ஆக்சில், ஹப் பேரிங், வீல் போல்ட், டயர் எதுவும் பலமாகிவிடாது. பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. லோடு சென்சிங் வால்வு உள்ள வண்டிகளில், பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த வால்வு பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தம் கொடுக்கும். கூடுதல் பட்டை போட்டால் லோடு ஏறியும் பின்பக்கம் இறங்காது. வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைக்கும். 2 டன் நெல்லோடு பிரேக் அடித்தால் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வளவு எடை தினமும் வேண்டுமென்றால் யோதா 2.0 அல்லது 2 டன் பொலிரோ மேக்ஸ் எச்டியை எடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவில் மிகை எடைக்கு 20,000 ரூபாயும், ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

குட்டி யானை, மாருதி சூப்பர் கேரி இரண்டும் ஊருக்குள் ஓடுகிற வேலைக்கு. தண்ணீர் கேன், கும்பகோணத்துப் பாத்திரக்கடைச் சரக்கு, வெற்றிலைக் கூடை. ஏஸின் திரும்பு ஆரம் 4.3 மீட்டர், கோயில் வீதிச் சந்துகளில் அதற்கு ஈடில்லை. 12 அங்குலச் சக்கரம் என்பதால் ஈரக் களிமண்ணில் இறங்கினால் அடி தட்டி நிற்கும். வயல் வேலைக்கு வாங்காதீர்கள்.

பழைய வண்டி பார்ப்பவர்களுக்கு: முதலில் பின் பட்டையின் முன்பக்கப் பிடிப்பு சேஸோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே வெல்டிங், புதுப் பெயின்ட் இருந்தால் மிகை எடையில் ஓடிய வண்டி. நேரான சாலையில் பின்னாலிருந்து பார்த்தபடி ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள். நண்டு மாதிரி சாய்ந்து ஓடினால் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது, அல்லது சேஸ் வளைந்திருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னாலிருந்து முனகல் வந்தால் கிரவுன் தேய்ந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் வேலை காத்திருக்கிறது.

காகிதங்களில், மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. குட்டி யானை, இன்ட்ரா வி30 இரண்டும் அதற்குள் வரும், 1.7 டன் பொலிரோவும் 2 டன் யோதாவும் தாண்டும். எஃப்சி என்கிற தகுதிச் சான்று முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம். எல்எம்வி எனும் இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை உரிமத்தில் தனிப் பதிவு இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. இந்த ஒப்பீட்டில் உள்ள எல்லா வண்டியும் அந்த எடைக்குள்தான்.