புக்கெட்டில் கப்பலை விட்டு இறங்குகிறீர்களா? ஜெட் ஸ்கி பக்கம் போகாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் குரூஸில் போய், தாய்லாந்தின் புக்கெட் தீவைச் சொந்த ஏற்பாட்டில் ஒரு பகல் சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்காக இது. பாத்தோங் கடற்கரையில் ஜெட் ஸ்கியை வாடகைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அரை மணி நேரத்துக்கு 1,500 பாட் பேசி எடுத்த இரண்டு தம்பிகள் கரைக்கு வந்ததும், அவர்களிடம் 40,000 பாட் கேட்டார்கள். அடியில் கீறல் போட்டுவிட்டார்களாம்.

வண்டியை மணலில் இழுத்துப் போட்டு ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள். ஒரு சாண் நீளக் கீறல் ஒன்றைக் கட்டைவிரலால் தடவித் தடவிக் காட்டினார் வாடகைக்குக் கொடுத்தவர். அந்தக் கீறலுக்குள் பழுப்பு நிறத்தில் அழுக்கு இறுகிக் கிடந்தது. ஃபைபரில் அன்றைக்கு விழுந்த கீறல் வெள்ளையாக இருக்கும். ஓரத்தை நகத்தால் நெருடினால் பிசிறு தட்டும். அது பழைய கீறல். அதே கீறலைக் காட்டி அதற்கு முன் எத்தனை பேரிடம் வாங்கினார்களோ!

இந்தச் சூழ்ச்சி பலிப்பதற்குக் காரணம், வண்டியை நம்மிடம் கொடுக்கும்போது அது தண்ணீரில் மிதப்பதுதான். மேல்பாகத்தைத் தாராளமாக வீடியோ எடுக்க விடுவார்கள். அடிப்பாகம் யார் கண்ணிலும் படாது. திரும்பியதும் நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் கத்துவார், இன்னொருவர் பாதித் தொகைக்கு முடித்துவைப்பதாகச் சமாதானம் பேசுவார். பழுதுபார்க்கும் செலவோடு, வண்டி ஓடாத நாட்களின் வருமானமும் கணக்கில் ஏறும். பிள்ளைகள் கேட்டு நச்சரித்து, எடுத்தே தீர வேண்டும் என்றால், முதலில் வண்டியைக் கரையில் ஏற்றச் சொல்லி அடிப்பாகத்தை வீடியோ எடுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஹோட்டலில் நாலு நாள் தங்கியிருப்பவர் 'வா, போலீசுக்கே போகலாம்' என்று உட்கார்ந்துவிடுவார். கப்பலில் வந்தவரால் அது முடியாது. மாலைக்குள் ஏறியாக வேண்டும் என்பது பேரம் பேசுகிறவருக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தம்பிகளும் ஏடிஎம்மில் எடுத்து 15,000 பாட் கொடுத்துவிட்டுத்தான் கடைசிப் படகைப் பிடித்தார்கள். எனவே கழுத்தில் தொங்கும் கப்பல் அட்டையைப் பைக்குள் போடுங்கள். கப்பல் எத்தனை மணிக்கு என்று யார் பேச்சுவாக்கில் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

நேரத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், கரையில் உள்ளூர் சிக்னல் கிடைத்ததும் உங்கள் கைபேசி தானாக ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விடும். 6 மணிக்குள் ஏற வேண்டும் என்றால் கைபேசியில் 5 ஆகும்போதே கெடு முடிந்துவிடும். தானியங்கி நேர மாற்றத்தை அணைத்து வையுங்கள். அதைவிட நல்லது, இறங்கும்போதே கப்பல் கடிகாரத்தோடு சரிபார்த்த ஒரு கைக்கடிகாரம்.

கப்பல் தீவின் எந்தப் பக்கம் நிற்கும் என்று முதல்நாளே கேளுங்கள். பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டால், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் செல்லும் சிறிய டெண்டர் படகில்தான் போக வர முடியும். காலையில், கப்பல் ஏற்பாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். சொந்தமாகப் போகிறவர்கள் டோக்கனோடு காத்திருக்க வேண்டும். மாலையில் கடைசிப் படகுக்கு எல்லாரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். கிழக்குப் பக்கம் மாக்கம் விரிகுடாத் துறைமுகத்தில் கட்டினால் பாத்தோங்கை மறந்துவிடலாம். அது மலைப்பாதையைத் தாண்டி மறுகரையில் இருக்கிறது, சாயங்கால நெரிசலில் மாட்டினால் தொலைந்தோம். துறைமுகத்திலிருந்து புக்கெட் நகரம் சுமார் 10 கிலோமீட்டர்தான். தாலாங் சாலையின் பழைய கடைவீடுகளை நிதானமாக நடந்தே பார்க்கலாம்.

டாக்சி, டுக்-டுக் விஷயத்தில், ஏறுவதற்கு முன் மூன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: சொன்ன தொகை வண்டிக்கா, தலைக்கா? போக மட்டுமா, போய் வரவா? காத்திருப்பு எத்தனை மணி நேரம்? பதிலைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். போய்வரப் பேசியிருந்தால் முழுப் பணத்தையும் முதலில் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் திரும்ப வண்டி நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடிமாட்டு விலை சொன்னால், நடுவில் நகைக்கடை, தேன் கடை, முந்திரிக் கடை என்று நிறுத்தப்போகிறார்கள். அங்கே நாம் தலையைக் காட்டினாலே ஓட்டுநருக்குக் கமிஷன். பணம் போவதைவிட, அந்தக் கடைகளில் கரையும் ஒன்றரை மணி நேரம்தான் உண்மையான நஷ்டம். செயலி வழியாக வண்டி பிடிப்பதானால் துறைமுக வாசலைத் தாண்டி நடந்துபோய் அழையுங்கள், வாசலுக்கு வர ஓட்டுநர்கள் தயங்குவார்கள்.

ஸ்கூட்டர் வேண்டாம். இருசக்கர வாகனத்துக்குச் செல்லும் உரிமம் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீட்டில் பணம் கிடைக்காது.

எதற்காகவும் பாஸ்போர்ட்டையோ கப்பல் அட்டையையோ அடகாகக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் கப்பலிலேயே இருந்தால் அதன் நகல் போதும். முன்பணம் கேட்டால் சிறு தொகையை ரொக்கமாகக் கொடுங்கள்.

மாட்டிக்கொண்டால் முதலில் ஏடிஎம் பக்கம் நகராதீர்கள். நகர்ந்தாலே கொடுக்கச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நின்ற இடத்திலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டு, சுற்றுலா போலீசின் 1155 எண்ணை அழையுங்கள். ஆங்கிலத்தில் பேசலாம். கீறலுக்கு அருகில் போய், உள்ளே இருக்கும் அழுக்கு தெரியும்படி படம் எடுங்கள். அடுத்த அழைப்பு கப்பலின் துறைமுக முகவருக்கு. அவர் எண் அன்றைய நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருக்கும். இறங்கும் முன்பே அதைப் படம் எடுத்து வையுங்கள். கப்பல் கிளம்பிவிட்டாலும், பாஸ்போர்ட்டுக்கும் அடுத்த துறைமுகத்துக்கு வழி கேட்கவும் நீங்கள் முதலில் தேட வேண்டியது அவரைத்தான்.