வயசான பூனைக்கு எந்த வைத்தியம்? சுக்குவின் மேசையில் நான்கு வழிகள்

எங்கள் பூனை சுக்குவுக்கு வயது 13. தையல் மெஷின் மேல்தான் தூங்குவாள். போன ஆடி மாசத்திலிருந்து மேலே ஏறாமல் கீழே பெடல் மேலேயே சுருண்டுகொள்ள ஆரம்பித்தாள். "வயசாச்சு, என்ன பண்றது" என்று நாங்களும் விட்டுவிட்டோம். தண்ணீர்க் கிண்ணம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை காலியானபோதுதான் உறைத்தது. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் கழிவை எவ்வளவு வெளியேற்றுகிறது என்று காட்டும் கிரியேட்டினின் 2.4. சிறுநீரகக் கோளாறில் இரண்டாம் நிலை என்றார்கள். எக்ஸ்ரேயில் பின்னங்கால் மூட்டும் தேய்ந்திருந்தது.

அந்த வாரமே எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று சாமான்கள் வந்து உட்கார்ந்தன. டாக்டர் சீட்டு. அத்தை நாட்டு மருந்துக் கடையில் கட்டிக்கொண்டு வந்த பொட்டலம். எதிர்வீட்டு அண்ணன் கொடுத்த ஹோமியோபதி சீசா. தங்கை போனில், "அக்கா, பூனைக்கெல்லாம் இப்ப அக்குபங்சர் பண்றாங்க, பாரு" என்றாள். ஆக நாலு வழி.

முழுமை மருத்துவம், ஒருங்கிணைந்த மருத்துவம் என்று இரண்டு பெயர்கள் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் இருப்பது நல்லது. நோயை மட்டும் பார்க்காமல் சாப்பாடு, படுக்கை, பயம், வீட்டுச் சூழல் என்று பூனையை முழுசாகப் பார்ப்பது முதலாவது. நோய் என்னவென்று கால்நடை மருத்துவர் பரிசோதித்துக் கண்டுபிடித்த பிறகு, வழக்கமான மருந்தோடு வேறு முறைகளையும் சேர்த்துக்கொள்வது இரண்டாவது. பரிசோதனையே இல்லாமல் மருந்தை மட்டும் மாற்றுகிறவர்களும் இதே பெயர்ப் பலகையை மாட்டிக்கொள்வதுதான் சிக்கல்.

முதலில் அத்தையின் பொட்டலம். உள்ளே நெருஞ்சிலும் மூக்கிரட்டையும் இடித்த பொடி. இரண்டும் நீர் நன்றாகப் பிரிவதற்காக நம் ஊரில் காலம் காலமாகக் கொடுப்பவை. "கிட்னிக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாதுடி" என்றார் அத்தை. மனுஷருக்கு எப்படியோ, சுக்குவின் கதை தலைகீழ். அவளுக்கு நீர் பிரியாதது பிரச்சினை இல்லை, அளவுக்கு மீறிப் பிரிவதுதான் பிரச்சினை. பழுதான சிறுநீரகத்தால் நீரை இழுத்துப் பிடித்து வைக்க முடிவதில்லை. தண்ணீர் போலவே வெளியேறுகிறது, உடம்பு வறள்கிறது, அதனால்தான் அவள் கிண்ணத்தைக் காலி செய்கிறாள். வறண்ட உடம்புக்கு நீர்பெருக்கி கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் இன்னொரு ஓட்டை போடுகிற வேலை.

பூனையின் ஈரல் வேறு தனிப் பிரச்சினை. மருந்தோ மூலிகையோ உள்ளே போனால் அதைக் கரைத்து வெளியேற்ற மனித ஈரலும் நாய் ஈரலும் கையாளும் முக்கியமான ஒரு வழி, பூனையிடம் பெருமளவு செயலிழந்து கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாக இறைச்சியையே தின்று வந்த விலங்குக்குச் செடிகொடிகளின் வேதிப்பொருளை முறிக்கும் அவசியம் இருந்திருக்காது. அதனால்தான் நாம் தலைவலிக்குப் போடும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். இது இங்கிலீஷ் மருந்தின் குற்றம் மட்டுமில்லை. மூட்டு வலித் தைலத்தில் கமகமவென்று வருகிறதே, ஊட்டியில் பாட்டில் பாட்டிலாக விற்கும் அந்த விண்டர்கிரீன் எண்ணெய், அது ஆஸ்பிரினின் கூடப்பிறப்பு. இலையிலிருந்து வடித்ததுதான், முழுக்க இயற்கைதான். பூனைக் காலில் தடவினால் அது நக்கித்தான் துடைக்கும். நம் உடம்பு சில மணி நேரத்தில் ஒழித்துக்கட்டுவதைப் பூனை உடம்பு நாள்கணக்கில் சுமக்கும்.

வெள்ளைப்பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். உண்ணிக்குப் பூண்டு கொடுக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. ஆடுதின்னாப்பாளை என்ற மூலிகையில் இருக்கும் அமிலம் மனிதச் சிறுநீரகத்தையே நாசம் செய்வது. லில்லிப் பூவின் மகரந்தத்தை உடம்பிலிருந்து நக்கியே சிறுநீரகம் செத்துப்போன பூனைகள் உண்டு.

மூலிகையே ஆகாது என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய மடிநோய் மருந்து, கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், எத்தனையோ மாட்டுக் கொட்டில்களில் அரைபடுகிறது. ஆனால் அது சில நூறு கிலோ மாட்டின் மடிமேல் பூசுவது, அளவு குறித்துக் கொடுத்தது. மூன்றரைக் கிலோ பூனை விழுங்க அப்படி அளவு குறித்துத் தந்தவர் யார் என்று அத்தையிடம் கேட்டேன். "அதுக்கென்ன, சிட்டிகையைப் பாதியாக்கு" என்றார்.

ஹோமியோபதியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 30சி என்று சீசாவில் போட்டிருந்தால், மூலப்பொருளை நூறில் ஒன்றாக முப்பது தடவை நீர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 1-க்குப் பின்னால் 60 சுழியம். மருந்துத் துகள் ஒன்றுகூட மிஞ்சாது. கெடுதல் செய்யாது, நாள்தான் போகும். பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் ராயல் கல்லூரி 2017-ல் இதைத்தான் அழுத்திச் சொன்னது: சான்றுள்ள சிகிச்சையின் இடத்தில் இதை வைக்காதீர்கள். போகிற போக்கில் ஒன்று, பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. அண்ணனின் சர்க்கரை உருண்டையைச் சுக்கு முகர்ந்து பார்த்துவிட்டு, காலால் தட்டி உருட்டி விளையாடினாள்.

அக்குபங்சரை நான் கொஞ்சம் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். கால்நடை மருத்துவர்களுக்கான சர்வதேச அக்குபங்சர் சங்கம் 1974-லேயே தொடங்கியது. அமெரிக்காவில் நாய், பூனை வலிக்கான 2022 வழிகாட்டுதலிலும் இதற்கு இடம் இருக்கிறது. மூட்டு வலிக்குத்தான், சிறுநீரகத்தைச் சரிசெய்ய அல்ல. அதிலும் நாய்களை வைத்து நடந்த ஆய்வுகளே அதிகம். தேடியதில் முறையாகக் கற்ற ஒரு கால்நடை மருத்துவர் கிடைத்தார். தலைமுடி அளவு ஊசி. நாலு ஊசி வரை சுக்கு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஐந்தாவதுக்கு உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பினாள், எல்லாம் தரையில். அன்று மாலை நடையில் கொஞ்சம் இலகு தெரிந்தது போலிருந்தது. ஆனால் போக 50 நிமிடம் ஆட்டோ, வர 50 நிமிடம், கூடைக்குள் வழி நெடுக ஓலம், ராத்திரி சோறு தொடவில்லை. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கு ஆபத்தாகும். பக்கத்துத் தெருவில் இருந்தால் தொடர்ந்திருப்பேன்.

டாக்டர் சீட்டையும் சும்மா விடக்கூடாது. நாங்கள் முதலில் போன கிளினிக்கில் மொத்தம் ஏழு நிமிடம். நொண்டுகிறாள் என்று சொன்னதும் வலி ஊசி போட வந்தார்கள். சிறுநீரகம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைப் பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து சாவு வரை போகலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2010-ல் கட்டம் கட்டி எச்சரித்தது. ஐரோப்பாவில் அதே மருந்தைக் குறைந்த அளவில் நீண்ட நாள் கொடுக்க அனுமதி உண்டு. மருந்து ஒன்றுதான், அளவிலும் முதலில் ரத்தம் பார்த்தார்களா என்பதிலும்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்தார். கூடை மேல் துண்டு போர்த்திக் கொண்டுவரச் சொன்னார், சுக்குவைத் தரையிலேயே உட்காரவைத்துச் சோதித்தார். "மணல் தட்டு விளிம்பு எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். முழுமை மருத்துவம் என்ற வார்த்தையை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சாப்பாட்டில்தான் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். வீட்டுச் சாப்பாடே நல்லது என்பது என் கட்சி. 2019-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 114 பூனைச் சமையல் குறிப்புகளை எடுத்தார்கள். கணக்குப் போட முடிகிற அளவுக்குத் தெளிவாக இருந்த 94-ல் ஒன்றில்கூட எல்லாச் சத்தும் முழுசாக இல்லை. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளர்ந்துபோகும், இது 1987-ல் நிரூபணமானது. மீனை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் டாரினும் அதோடு போய்விடும். நான் 13 வருஷமாகக் கொட்டியிருக்கிறேன்! பச்சையாகப் போட்டாலோ, சில மீன்களில் இருக்கும் நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். கருவாட்டில் உப்பு, எலும்போடு போடும் நெத்திலியில் பாஸ்பரஸ். சிறுநீரகம் போன பூனைக்குப் பாஸ்பரஸைக் குறைப்பதுதான் உணவுச் சிகிச்சையின் மையமே. நான் தோற்றேன். இப்போது சிறுநீரகத்துக்கான ஈரத் தீனி, அதில் இரண்டு ஸ்பூன் வெந்நீர். வாரம் ஒரு நாள் மட்டும் தோல் நீக்கிய கோழி ஒரு துண்டு, வெந்த தண்ணீரோடு. விலை கையைக் கடிக்கிறது. மாத்திரையைவிட இதற்குத்தான் பலன் தெரிகிறது.

சுக்கு மாதிரி நாள்பட்ட நோய்க்குத்தான் இப்படி உட்கார்ந்து ஒப்பிட நேரம் இருக்கிறது. ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் முக்கி, சொட்டுக்கூட வரவில்லையென்றால் ஒப்பீடு எதுவும் வேண்டாம். நீர்த்தாரை அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிர் போகும். கஷாயம், உருண்டை, ஊசி எதையும் யோசிக்காமல் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

நெருஞ்சில் பொடியை அத்தை தானே கஷாயம் வைத்துக் குடித்துவிட்டார். மணல் தட்டுக்கு வழி சொன்னதும் அவர்தான். கத்தியை அடுப்பில் காய்ச்சி, பிளாஸ்டிக் தட்டின் முன்விளிம்பைத் தாழ வெட்டினார். மெஷின் பக்கத்தில் பழைய முக்காலியைப் போட்டு, வழுக்காமல் சாக்கு சுற்றினார். மூன்றாம் நாள் சுக்கு முக்காலியில் ஏறி, கொஞ்ச நேரம் யோசித்து, மெஷின் மேல் தாவினாள். இறங்க மட்டும் இன்னும் அத்தையைத்தான் கூப்பிடுகிறாள்.