எங்கள் வங்கியின் பயிற்சிச் செயலி: ஒரு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் வங்கிக் கிளையில் கவுண்டரில் உட்காருகிறவள். போன வருடம் ஊழியர் பயிற்சியை மொத்தமாக ஒரு செயலிக்கு மாற்றினார்கள். பெயர் வேண்டாம், ஆனால் உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று வரப்போகிறது என்றால் படித்துவிடுங்கள்.

முதலில் யாருக்குமே பிடிக்கவில்லை. நாற்பது நிமிட வீடியோ, தள்ளிவிட்டுப் பார்க்க முடியாது, வேறு விண்டோவுக்குப் போனால் நின்றுவிடும். நான்கு மணி வரை வாடிக்கையாளர்கள், அப்புறம் கேஷ் டேலி, எல்லாம் முடிந்து ஆறரைக்கு உட்கார்ந்தால் கிளையின் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது) பாடத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு வவுச்சர் அடுக்கினோம், தேர்வுக்கு விடை வாட்ஸ்அப்பில் வந்தது. எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது, யாரும் எதுவும் கற்கவில்லை.

நிலைமை மாறியது நாமினி விதியால்தான். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்ததும், ஒரு பெரியவர் வந்து "மூணு பொண்ணுங்களுக்கும் சமமா எழுதலாமாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்து கவுண்டர் அக்கா, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறவர், அதுவரை செயலியைத் திட்டிக்கொண்டே இருந்தவர், தன் போனில் அதே செயலியைத் திறந்து ஆறு நிமிடத் தமிழ் வீடியோ ஒன்றைப் போட்டார். ஒரே சமயத்தில் பலருக்கு என்றால் பங்கைச் சதவீதமாக எழுத வேண்டும், கூட்டினால் நூறு வர வேண்டும். லாக்கருக்கு அப்படிப் பிரிக்க முடியாது, ஒருவருக்குப் பின் ஒருவர்தான். 33, 33, 34 என்று போடலாம் என்றோம். அந்த ஒரு சதவீதத்தை யாருக்குக் கொடுப்பது என்று பெரியவர் வெகுநேரம் யோசித்து, கடைசி மகளுக்கு எழுதினார்.

1989-இல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் சொன்னது இதுதான்: வேலைக்கு உதவும், கையாளச் சுலபம் என்று தோன்றினால்தான் ஒரு தொழில்நுட்பத்தை ஆட்கள் ஏற்பார்கள். 2003-இல் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதோடு சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கையும் வசதிகளையும் சேர்த்துச் சொன்னார்கள். அதையும் கண்ணால் பார்த்தேன். எங்கள் மேனேஜர் புதன்கிழமை நான்கு மணிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கி, தானும் எங்களோடு உட்கார்ந்து பாடம் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் வாட்ஸ்அப் விடைகள் நின்றன.

சின்ன தமிழ்ப் பாடங்களுக்காக ஐந்துக்கு மூன்றரை தருவேன். மதிப்பெண் வரிசையை எல்லோரும் பார்க்கும்படி காட்டுவதை உடனே எடுக்க வேண்டும், வயதானவர்களை அது ரொம்பவே நோகடிக்கிறது. அக்கா இப்போது லாக்கர் பாடத்தை யாரும் சொல்லாமலே பார்க்கிறார், ஆனால் அது இன்னும் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறது.